எடைப் போர்வை வாங்குவதற்கு முன்

தெரபி சென்டர் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாக்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் இப்போதெல்லாம் எடைப் போர்வையில், அதாவது உள்ளே மணி மாதிரி எதையாவது வைத்துக் கனமாகத் தைத்த போர்வையில், வந்து நிற்கிறது. “அதப் போத்திவுட்டா பையன் சத்தமில்லாம தூங்கிருவானாமே, நெசங்களா?” என்று புதிதாக வந்தவர் கேட்பார். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: “போத்திவுட்டா அவனே ஒதறித் தள்ளிட்டு எந்திரிக்க முடியுங்களா?” முடியும் என்றால் மேற்கொண்டு பேசலாம். முடியாது என்றால் அந்த யோசனையையே விட்டுவிடுவது நல்லது.

என் மகனுக்கு ஆட்டிசம். இப்போது ஐந்தாம் வகுப்பு. பேச்சு குறைவு, வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான், சில சொற்கள் சொல்வான். நாங்கள் இருப்பது திருப்பூர். எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வீட்டுக்காரர் பவர் டேபிள் டெய்லர். எடைப் போர்வை, மடியில் வைக்கும் எடைத் திண்டு, இறுக்கமான பனியன், டியூப் துணி என எல்லாவற்றையும் வீட்டிலேயே தைத்துப் பார்க்க முடிந்தது இந்தத் தொழிலால்தான். தெரபிஸ்ட் சொல்வார், நாங்கள் தைப்போம், அவன் தீர்ப்புச் சொல்வான். பெரும்பாலும் அவன் தீர்ப்புதான் சரியாக இருந்திருக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்குப் பாரம் ஏன் பிடிக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்குச் சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிள் ஆகாது. கத்தரித்து எடுத்தாலும் தையலில் மிச்சம் நிற்கும் ஒரு நூல் போதும், சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவான். லேபிளுக்குப் பதில் துணியிலேயே எழுத்தை அச்சு ஒட்டும் ஹீட் டிரான்ஸ்ஃபர் முறை எங்கள் கம்பெனிக்கு வந்தபோது நான் பட்ட சந்தோஷம் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசருக்குக்கூட இருந்திருக்காது. யாராவது ஆசையாகத் தலையைத் தடவினால் கையைத் தட்டிவிடுவான். ஆனால் அதே பையன் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் போய் ஒடுங்கி உட்காருவான். மடித்து அடுக்கிய மெத்தைகளுக்கு அடியில் நுழைந்துகொள்வான். அம்முச்சி (என் அம்மா) வந்தால் அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்து “அமுக்கு” என்பான். அவன் தெளிவாகச் சொன்ன முதல் சில சொற்களில் அதுவும் ஒன்று.

மேலோட்டமான தொடுகை உடம்பை உசுப்பிவிடும். ஆழமான, நிதானமான அழுத்தம் அடங்க வைக்கும் என்று தெரபிஸ்ட் விளக்கினார். நம் கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்று தசைகளிலும் மூட்டுகளிலும் இருந்து மூளைக்குத் தகவல் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தத் தகவல் சிலருக்கு மங்கலாகக் கிடைக்கிறது, அதனால்தான் பிள்ளைகள் மோதி, குதித்து, நெருக்கி அதைத் தேடுகிறார்கள் என்பது இந்தத் துறையின் அடிப்படை எண்ணம். புலன்களை ஒருங்கிணைப்பது பற்றிய இந்தச் சிந்தனைக்கு வடிவம் கொடுத்தவர் ஏ. ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்). 1972இல் அவருடைய முக்கியமான புத்தகம் வந்தது. இன்று ஊர் ஊருக்கு இருக்கும் தெரபி சென்டர்களில் ஊஞ்சலும் பந்தும் மெத்தையும் தொங்குவதற்கு அவர்தான் மூலகாரணம்.

அழுத்தம் என்று வந்தால் டெம்பிள் கிராண்டின் கதையையும் சொல்லியாக வேண்டும். ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பெண்மணி, கால்நடை அறிவியல் பேராசிரியர். சிறுவயதில் யாராவது கட்டிப்பிடித்தால் அவரால் தாங்க முடியாது. ஆனால் அந்த அழுத்தம் வேண்டும் என்று உடம்பு ஏங்கும். அரிசோனாவில் உறவினர் பண்ணையில், ஊசி போடுவதற்காக மாட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். நம்மூர் மாட்டாஸ்பத்திரி வாசலில் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு நிற்குமே, கிட்டத்தட்ட அது மாதிரி, ஆனால் பக்கங்கள் நெருக்கக்கூடியது. உள்ளே போன மாடுகளில் சில அடங்கி நிற்பதைக் கவனித்தவர், 18 வயதில் தனக்கென்றே பலகையும் மெத்தையும் வைத்து ஒரு இயந்திரம் செய்துகொண்டார். 1992இல் அதைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் கட்டுரையும் எழுதினார். இந்தக் கதையை நிறையப் பேர் சொல்வார்கள். ஆனால் அதில் எனக்கு முக்கியமாகப் படுவதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்: எவ்வளவு அழுத்தம், எப்போது போதும் என்று தீர்மானிக்கும் லீவர் உள்ளே இருந்த அவர் கையில்தான் இருந்தது.

நான் வாசலில் கேட்கும் கேள்வி இதிலிருந்து வந்ததுதான். லீவர் குழந்தையின் கையில் இருக்கும் வரை அது உதவிப் பொருள். கை மாறிவிட்டால் கட்டிப்போடுவதுதான், வேறு பெயர் கிடையாது.

இதைச் சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2008இல் கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுச் சிறுவனைப் பள்ளியில் எடைப் போர்வைக்குள் சுற்றிக் கவிழ்த்துப் படுக்கவைத்தார்கள். மூச்சு முட்டி இறந்துபோனான். 2022இல் அமெரிக்காவில் இரண்டு சிறுமிகள் எடைப் போர்வை உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே நுழைந்து, வெளியே வர முடியாமல் இறந்தார்கள். அதன் பிறகு அந்த ரகப் போர்வைகள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் கைக்குழந்தைகளுக்கு எடை சேர்த்த போர்வை, எடை சேர்த்த தூக்கப் பை எதுவும் கூடவே கூடாது என்று சொன்னது. நம்மூர் ஆன்லைன் கடைகளில் இதெல்லாம் பரிசுப் பொருள் மாதிரி ரிப்பன் கட்டிக் கிடக்கிறது.

ஆகவே எங்கள் வீட்டில் சில விதிகள் உண்டு, யார் வந்து என்ன சொன்னாலும் மாறாது. தலையும் முகமும் கழுத்தும் எப்போதும் வெளியே. போர்வையை மேலே போடலாம், சுருட்டக் கூடாது. ஆழ்ந்து தூங்கியதும் எடுத்துவிட வேண்டும். காய்ச்சல், சளி, வீசிங் இருக்கும் நாளில் கிடையாது. அவன் அடம்பிடிக்கும்போது, அழும்போது அவன் மேல் கொண்டுபோய்ப் போடுவது கிடையாது. பக்கத்தில் வைப்போம், வேண்டுமானால் இழுத்துக்கொள்வான். ஃபிட்ஸ் வருகிற குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குழந்தை, டவுன் சிண்ட்ரோம் போலத் தசை தளர்வாக இருக்கும் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் கணிசமான பேருக்கு வலிப்பும் சேர்ந்தே இருக்கிறது, அதனால் இது யாருக்கோ சொல்லும் எச்சரிக்கை அல்ல. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள் விஷயம் இன்னும் வேறு. அவர்களுக்கு எடை எங்கே, எப்படி என்பதை பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

சரி, எவ்வளவு எடை? எல்லோரும் சொல்வது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 20 கிலோ பையனுக்கு 2 கிலோ போர்வை. மடித் திண்டுக்கும், சட்டை மேல் போடும் எடைக் கோட்டுக்கும் அதில் பாதி போதும், 1 கிலோ. இது பழக்கத்தில் வந்த கணக்கு, சோதனைச் சாலையில் நிறுத்து எடுத்த கணக்கல்ல. அதனால் இதை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு அதற்குக் கீழே தொடங்குவதே என் பழக்கம். கடையில் “பெரியவங்களுக்கும் ஆகும், வளர வளரப் பயன்படும்” என்று 5 கிலோ போர்வையைக் காட்டுவார்கள். பள்ளிக்கூட யூனிஃபார்மை இரண்டு சைஸ் பெரிதாக எடுக்கலாம், இதை எடுக்கக் கூடாது.

பலன் பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 2014இல் இங்கிலாந்தில் 5 முதல் 16 வயது வரையுள்ள, ஆட்டிசமும் தூக்கப் பிரச்சினையும் இருந்த 67 குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் எடைப் போர்வை, இரண்டு வாரம் அதே மாதிரி தோற்றமுள்ள சாதாரணப் போர்வை. கையில் கட்டிய கருவி சொன்னபடி, தூங்கிய நேரத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் எது பிடித்தது என்று கேட்டபோது குழந்தைகளும் பெற்றோரும் எடைப் போர்வை பக்கமே சாய்ந்தார்கள். எடைக் கோட்டு போட்டால் வகுப்பில் கவனம் கூடும் என்பதற்கும் 2009இல் வந்த ஒரு மீளாய்வு, சான்று இல்லை என்றே சொன்னது. பெரியவர்கள் கதை கொஞ்சம் வேறு: 2020இல் ஸ்வீடனில் மனச்சோர்வு, ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருப்பது) போன்ற காரணங்களால் தூக்கம் கெட்ட 120 பேரிடம் இரும்புச் சங்கிலி வைத்த போர்வையைக் கொடுத்துப் பார்த்ததில் தூக்கம் நன்றாகவே மேம்பட்டது. அவர்கள் வாய்விட்டு “கனமா இருக்கு, எடுங்க” என்று சொல்லக்கூடியவர்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இந்த முடிவுகள் எங்கள் வீட்டு அனுபவத்தோடு ஒத்துப்போகின்றன. போர்வையால் என் மகன் அதிக நேரம் தூங்கினான் என்று என்னால் சொல்ல முடியாது. அதிகாலையில் எழுந்து வீட்டைச் சுற்றி வருவது அப்படியேதான் இருந்தது. ஆனால் படுக்கப் போகும் நேரத்துச் சண்டை குறைந்தது. முன்பு விளக்கை அணைத்தால் எழுந்து குதிப்பான். போர்வை வந்த பிறகு, விளக்கை அணைக்கும்போது தானாகவே அதைக் கால்மாட்டிலிருந்து இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. தூக்கம் வரும் வரை படுக்கையில் கிடக்க அது உதவியது. எனக்கு அது பெரிய விஷயம். ஆனால் “தூக்கப் பிரச்சினை தீர்ந்தது” என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், வெயில். இந்தப் போர்வைகள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தவை. சித்திரை வைகாசியில் திருப்பூரில், மின்விசிறி சூடான காற்றைச் சுழற்றும் அறையில், பாலியெஸ்டர் பஞ்சு வைத்த கனமான போர்வைக்குள் ஒரு குழந்தையைப் படுக்க வைப்பது எப்படி என்று கடைக்காரர் யாரும் சொல்ல மாட்டார். வெயில் காலத்தில் நாங்கள் போர்வையை மடித்துப் பரணில் போட்டுவிடுவோம். மடித் திண்டு மட்டும், அதுவும் தொடை மேல். முகம் சிவந்தால், கழுத்து வியர்த்தால், மூச்சு வேகமானால் உடனே எடுத்துவிட வேண்டும். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன்: வழக்கத்துக்கு மாறாகக் குழந்தை ஒரேயடியாக அசையாமல் கிடந்தால் அதை அமைதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயத்திலும் பிள்ளைகள் அப்படிக் கிடப்பார்கள்.

இனி தையல் விவரம். கேட்கிறவர்கள் நிறைய, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளே எதை நிரப்புவது என்பதுதான் பாதி வேலை. அரிசி, பயறு எல்லாம் மழைக்காலத்தில் வண்டு பிடிக்கும், ஒருமுறை சிறுநீர் பட்டால் நாற்றம் போகாது. ஆற்று மணல் எவ்வளவு நெருக்கமான தையலிலும் பொடியாகக் கசியும். புளியங்கொட்டையை அம்முச்சிதான் சொன்னார். கழுவிக் காயவைத்தால் கையில் அள்ளிப் பார்க்கவே சுகமாக இருக்கும், கனமும் பரவாயில்லை. ஆனால் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் சலசலக்கும், அந்தச் சத்தம் சில பிள்ளைகளுக்கு ஆகாது. அதற்கும் வண்டு வரும். சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டு நல்ல கனம், துவைத்தால் துருப்பிடிக்கும். பாலி பை தயாரிக்கிற இடங்களில் கிடைக்கும் பிளாஸ்டிக் குருணை (‘தானா’ என்பார்கள்) என்றால் துவைக்கலாம், காயும், பூச்சி அண்டாது. ஆனால் எடை குறைவு, அதனால் போர்வை உப்பிப் போகும். பொடிக் கண்ணாடி மணிதான் எல்லாவற்றிலும் நல்லது, மெல்லியதாக இருக்கும், சத்தமில்லை. கிடைக்காவிட்டால் மீன் தொட்டிக்கு வாங்கும் உருண்டையான சின்னக் கூழாங்கல். எதைப் போட்டாலும் உள்பை ஒன்று, வெளித்துணி ஒன்று என்று இரண்டு அடுக்கு கட்டாயம். வாயில் வைத்துக் கடிக்கிற பழக்கம் உள்ள குழந்தை என்றால் மணி, கொட்டை, குண்டு எதுவுமே வேண்டாம். கீழே சொல்லப்போகிற டியூப் துணி போதும்.

துணிக்குக் காடா நல்லது, நெருக்கமான நெசவு. 100 செ.மீ.க்கு 140 செ.மீ. போர்வையில் 10 செ.மீ. கட்டமாகத் தைத்தால் 140 கட்டம் வரும். 2 கிலோவை அதில் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு சுமார் 14 கிராம். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, எந்தக் கரண்டியில் எவ்வளவு வருகிறது என்று குறித்துக்கொண்டால் அப்புறம் கரண்டிதான் அளவு. முதலில் மூன்று பக்கம் அடித்து, நீளவாக்கில் குழாய் குழாயாகத் தையல் போட வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு கரண்டி போட்டு, அடியில் தட்டி இறக்கி, குறுக்கே ஒரு தையல். மறுபடியும் ஒரு கரண்டி, ஒரு தையல். மேலே போகப் போகப் போர்வையின் கனம் டேபிளை விட்டுக் கீழே இழுக்கும்; இன்னொரு ஆள் தாங்கிப் பிடிக்காவிட்டால் தையல் கோணிவிடும். ஒரு மணி ஊசிக்கடியில் சிக்கினாலும் ஊசி முறியும், முறிந்த துண்டைக் கண்டெடுக்காமல் எழுந்திருக்கக் கூடாது. ஏற்றுமதிக் கம்பெனிகளில் முறிந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் புது ஊசி தருவார்கள். அந்தச் சட்டம் இந்த வேலைக்கு இன்னும் பொருத்தம். குட்டிக் கட்டமாகத் தைப்பது ஏன் என்றால், பெரிய கட்டத்தில் மணியெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும், குழந்தையின் மேல் ஒரு பக்கம் மட்டும் கனம் விழும்.

உறைக்கு ஜிப் வேண்டாம். அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னேனே. உறைக்குள் ஒரு குழந்தை நுழைகிற அளவுக்குத் திறப்பே இல்லாமல், நெருக்கமாக நாடா முடிச்சு போடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: எங்கள் வீட்டில் அதிகம் உழைத்தது எடையே இல்லாத ஒன்று. வட்டப் பின்னல் இயந்திரத்திலிருந்து பனியன் துணி குழாயாகத்தான் இறங்கும். லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த அந்தத் துணியை வெட்டிப் பிரிக்காமல் அப்படியே மார்பிலிருந்து கால் வரை வருகிற நீளத்துக்கு எடுத்துக்கொண்டால், மெத்தையில் உறை மாதிரி மாட்டிவிடலாம். இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும். பையன் மேல்பக்கமாகக் காலை விட்டு உள்ளே சறுக்கிக்கொள்வான், மார்புக்குக் கீழே மட்டும் இறுக்கிப் பிடிக்கும். வேண்டாம் என்றால் காலை உருவிக்கொண்டு வந்துவிடுவான். காற்றுப் போகும், துவைத்தால் சீக்கிரம் காயும். காதர்பேட்டைப் பக்கம் கட் பீஸ் கடைகளில் விசாரித்தால் எடைக்கு நிறுத்துக் கொடுப்பார்கள். விலையைக் கேட்டால் சிரிப்பு வரும். இதையே அழகான பெட்டியில் போட்டு, சென்ஸரி ஷீட் என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

சென்டரில் தொங்கும் லைக்ரா ஊஞ்சலைப் பார்த்துவிட்டு அம்முச்சி, “இது நம்ம தூளி தானுங்களே சாமி” என்று தெரபிஸ்டிடம் கேட்டுவிட்டார். அவரும் ஆமாம் என்றுதான் சொன்னார். பழைய பருத்திச் சேலையில் கட்டிய தூளி நாலா பக்கமும் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், கூடவே ஆடும். ஆனால் வளர்ந்த பையனுக்கு வீட்டில் தூளி கட்டுவதற்கு முன் கொக்கி தாங்குமா என்று பார்க்க வேண்டும், ஆள் இல்லாமல் விடவே கூடாது. சேலை கழுத்தைச் சுற்றிக்கொண்ட விபத்துகள் நம்மூரில் நடக்காதவை அல்ல.

வெளியிடங்களில் எடைத் திண்டு உதவிய விதத்துக்கு முடிவெட்டும் கடையைச் சொல்லலாம். முடி வெட்டுவது என்பது மேலோட்டமான தொடுகையும் சத்தமும் துணுக்கு முடி குத்துவதும் ஒன்றாகச் சேர்ந்து வருவது. இந்தப் பிள்ளைகளுக்கு இதைவிட மோசமான கூட்டணி கிடையாது. கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமையில்தான் போவோம். நாற்காலியில் உட்காரும் முன்பே திண்டை அவன் கையில் கொடுத்துவிடுவேன். தானே மடியில் வைத்துக்கொள்வான். தோளைச் சுற்றித் துண்டை இறுக்கமாகப் போர்த்தி, இரண்டு தோளிலும் உள்ளங்கையால் நன்றாக அழுத்துவேன். கடைக்காரர் அண்ணன் இதற்குள் பழகிவிட்டார், “ஆரம்பிக்கட்டுங்களா தம்பி?” என்று அவனையே கேட்பார். கத்தரி தலையில் படும்போதெல்லாம் பையன் இரண்டு கையாலும் திண்டைத் தொடையோடு சேர்த்து அமுக்குவான், விரல் நுனி வெளுத்துப்போகும். கடகடவென்று ஆரம்பித்து நடுவில் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர், மறுபடி. முடிந்துவிடும். மெஷின் மட்டும் இன்றைக்கு வரைக்கும் ஆகாது, கழுத்துப் பக்கம் கத்தரியில்தான். அங்கே திண்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பள்ளியில் வேறு மாதிரி. எடைக் கோட்டு போட்டு அனுப்பலாமா என்று கேட்டோம், தெரபிஸ்ட் வேண்டாம் என்றார். வகுப்பில் அவன் மட்டும் கோட்டு போட்டு உட்கார்ந்தால் பார்வை அவன் மேல்தான் விழும். போட்டாலும் இருபது நிமிடத்துக்கு மேல் உடம்பு அதை மறந்துவிடும், கழற்றி மாட்ட யார் இருக்கிறார்கள் என்றார். பதிலாக வேலை கொடுக்கச் சொன்னார். நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போவது, பெஞ்சை நகர்த்துவது, செடிக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோவது. “மிஸ், உங்க நோட்டையெல்லாம் அவன்கிட்டயே குடுத்து அனுப்புங்க” என்று கேட்டபோது, பையனை வேலை வாங்கச் சொல்லும் அம்மாவை அந்த மிஸ் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்திருப்பார். ஆனால் கணக்கு வகுப்புக்கு முன்னால் இதைச் செய்தால் கொஞ்ச நேரம் உட்கார்கிறான் என்று அவரே பிறகு சொன்னார். வீட்டிலும் அப்படித்தான்: குடத்தில் தண்ணீர் தூக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது, ஈரத்துணி பிழிவது, அரிசி மூட்டையைத் தள்ளி வைப்பது. தானாக இழுத்தும் தள்ளியும் தூக்கியும் தசைக்குக் கிடைக்கும் அழுத்தத்துக்குப் போர்வையால் ஈடு கொடுக்க முடியாது என்பது என் முடிவு. தவிர, இதில் அவன் ஒரு வேலையும் கற்றுக்கொள்கிறான்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரியும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. போர்வை, புது மருந்து, புது ஸ்கூல் எல்லாம் ஒரே மாதத்தில் வந்தால் எதனால் எது என்று யாருக்கும் தெரியாது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன்: எத்தனை மணிக்குப் படுத்தான், எப்போது தூங்கினான், போர்வையைத் தானாக எடுத்தானா, தள்ளினானா. ஒரு வாரம் போர்வையோடு, ஒரு வாரம் இல்லாமல். கடைசி விவரம்தான் எனக்கு முக்கியம். தொடர்ந்து தள்ளுகிறான் என்றால் அது வேலை செய்கிறதா என்ற கேள்வியே தேவையில்லை. பேச்சு இல்லாத குழந்தைக்கு “போதும்” என்பதற்கு ஒரு சைகையோ படமோ முதலில் கற்றுக்கொடுங்கள், அதற்குப் பிறகு துணி வாங்கப் போகலாம். எங்கள் பையன் உள்ளங்கையை விரித்து எங்கள் பக்கம் தள்ளிக் காட்டுவான். காட்டினால் அந்த நொடியே எடுத்துவிடுவோம், இன்னும் ஒரு நிமிஷம் பார்க்கலாம் என்ற பேச்சு கிடையாது. எடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அதிக நேரம் வைத்துக்கொள்ளவே ஆரம்பித்தான்.

ஊரில் கேள்விகள் வரும். பஸ்ஸில் மடியில் திண்டைப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, சின்னப் பையன் மேல இம்புட்டு பாரத்த வெச்சிருக்கிறீங்க?” என்று பக்கத்துச் சீட்டுப் பாட்டி கேட்பார். அவனுக்கு அது பிடிக்குங்க என்று சொன்னால் போதும், மேற்கொண்டு வகுப்பெடுக்க எனக்குத் தெம்பு இருப்பதில்லை. கோபம் வருவது வேறு இடத்தில். ஒரு சென்டரில், அடங்காத பிள்ளைகளுக்கு எடைக் கோட்டை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்திருந்ததைப் பார்த்தேன். கோட்டின் பட்டை முதுகுப்பக்கம் பூட்டியிருந்தது. எந்தச் சென்டருக்குப் போனாலும் அந்தப் பட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

காசு செலவழிப்பதற்கு முன் ஆளைத் தேடுவது முக்கியம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் வந்தவை, 18 வயது வரை பார்ப்பார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அடையாள அட்டை எடுத்த பிறகு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரம்புக்குள் தெரபி செலவிலும் ஒரு பகுதி கிடைக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போர்வை வாங்குவதற்குப் பதில் அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் சில அமர்வுகள் போவது லாபம். உங்கள் குழந்தை அழுத்தத்தைத் தேடுகிறதா, அதை வெறுக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார். வெறுக்கிற பிள்ளைகளும் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒரு பெண் குழந்தை, கனமான துணி என்றாலே அழும். அவளுக்குத் தூங்க ஒரு மெல்லிய மல் வேட்டி வேண்டும், அவ்வளவுதான்.

என் மகனுக்கு இப்போது எடை கூடிவிட்டது, பழைய திண்டு லேசாக இருக்கிறது என்று தலையணையைச் சேர்த்து அடுக்கிக்கொள்கிறான். புதிதாக ஒன்று தைக்க வேண்டும். பழையதைப் பிரித்து மணியை எடுத்துக் கழுவிக் காயவைத்திருக்கிறோம், கால் கிலோ கூடுதலாக வாங்க வேண்டும். போர்வையை எங்களுக்குத் தெரிந்த ஒரு சின்னப் பையனுக்குக் கேட்டிருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் அவனை ஒருமுறை தராசில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், ஃபிட்ஸ் இருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் பரணிலிருந்து இறக்குவேன்.